மாப்பிள்ளைக்கு வீட்டுப்பாடம்

மாப்ள, கோவிச்சுக்காதீங்க. நம்ம நசரத்பேட்டை ஹைவேஸ் ஓரத்துக் காலேஜ்ல இன்ஜினியரிங் முடிச்சு, நியூஜெர்சியில கம்ப்யூட்டரையே மெரட்டுற ஆளு நீங்க. ரெண்டாவது படிக்கிற பாப்பாவோட 38ஐயும் 27ஐயும் கூட்டி முடிக்கிறதுக்குள்ள வீடே ரெண்டுபட்டுப் போச்சுன்னு எம்பொண்ணு சொன்னா. நான் சிரிக்கல. துண்டு வாயில இருந்துச்சு.

பாப்பா என்ன தப்பு பண்ணுச்சு? 27லேருந்து ரெண்டை எடுத்து 38க்குக் குடுத்து 40 ஆக்குச்சு. மிச்சம் 25. ஆக 65. நீங்க அதை அடிச்சுட்டு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதி, "எட்டும் ஏழும் பதினஞ்சு, அஞ்சைப் போடு, மனசுல ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சீங்க. அதுவும் 65தான். சண்டை மட்டும் மிச்சம்.

அங்க 2010ல, எந்த வகுப்புல எதைக் கத்துக்கணும்னு சொல்ற 'காமன் கோர்'னு ஒண்ணு வந்துச்சாம். பல மாநிலத்துல அதையோ, அதோட சாயல்லயோதான் நடத்துறாங்களாம். பக்கத்து வீட்டுப் பையன் போன்ல தேடிப் படிச்சுக் காட்டுனான். நீங்க போடுற கூட்டல் முறைக்கு அதுல நாலாவது வகுப்புலதான் முகூர்த்தம். பெருக்கலுக்கு அஞ்சாவது, வகுத்தலுக்கு ஆறாவது. அதுவரைக்கும் பிள்ளைங்க எண்ணைப் பிச்சு, ஒட்டி, கோட்டு மேல தாவி விளையாடணும். வாய்ப்பாடே போச்சேன்னு உங்க மாமியாரு மூக்கைச் சிந்துறாங்க. மூணாவது முடியறதுக்குள்ள ஒத்தை இலக்கப் பெருக்கல் மனப்பாடமா வரணும்னு அதுலயே இருக்குதுன்னு சொல்லி வைங்க.

இதைப் போய் வெளிநாட்டுக் கணக்குன்னு பயப்படுறீங்களே! எங்கம்மா பூந்தமல்லியில காய்க்கூடை வெச்சு வித்துச்சு. கைநாட்டு. 1957 ஏப்ரல்ல நயா பைசா வந்துச்சு. அதுவரைக்கும் ரூபாய்க்கு 16 அணா, அதுக்கப்புறம் 100 பைசா. அப்போ அணாவுக்கு ஆறேகால். அந்தக் கால் பைசாவை எவன் குடுப்பான்? சர்க்காரே பட்டியல் போட்டுட்டாங்க: மூணணாவுக்கு 19 பைசா, ஆறணாவுக்கு 37. எங்கம்மா அதைக் காதால கேட்டுச்சு, அவ்ளோதான். ஆறணாவுக்குக் காய் கேட்டு எவனாவது வந்தா, மூணணாக் கூறு ஒண்ணு, இன்னொரு மூணணாக் கூறு ஒண்ணுன்னு தனித்தனியாத் தள்ளி 38 வாங்கும். கூட ஒரு பைசா. இது எந்தக் கோர், சொல்லுங்க பார்ப்போம்.

இங்கயும் மாறிக்கிட்டுதான் இருக்குது. 2022ல நம்ம திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்துலதான் முதலமைச்சர் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கி வெச்சாரு. அப்போ மூணாவது வரைக்கும் ஆட்டம், பாட்டு, அட்டை. "கணக்குல பாட்டு எதுக்கு"ன்னு டீக்கடையில கேட்டவங்க எல்லாம் கணக்குல பெயிலானவங்க.

நான் சொல்றதைக் கேளுங்க. பாப்பாவுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. "எனக்குப் புரியல, நீ சொல்லிக் குடு கண்ணு"ன்னு கேளுங்க. நடிக்கக்கூட வேணாம், நெசமாவே புரியலியே உங்களுக்கு. அப்புறம், ஒரு லட்சத்தை 1,00,000ன்னு எழுதிக் காட்டி வெச்சிராதீங்க. அங்க அது 100,000. ஒரு கமாவுக்காகப் புள்ள கண்ணைக் கசக்கணுமா?

அடுத்த வருசம் பின்னம் வருதாம். வரட்டும். அந்த ஊரு ஸ்கேல்ல ஒரு இஞ்சைப் பதினாறாப் பிரிச்சுக் கோடு போட்டிருப்பான். நம்ம வீசம் அது. ரூபாயில ஓரணா. மில்லிமீட்டர்ல வளர்ந்த உங்களுக்கு அது பிடிபடாது, எனக்குப் போனைப் போட்டுப் பாப்பாகிட்ட குடுத்துட்டுப் பாத்திரம் கழுவப் போயிருங்க. அங்க ராத்திரி ஏழுன்னா இங்க விடியக்காலம் நாலரை, குளிர்காலத்துல அஞ்சரை. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுச் சும்மாதான் குந்தியிருப்பேன். மார்ச் மாசம் ஒரு மணி நேரத்தைக் கடன் வாங்கி நவம்பர்ல திருப்பிக் குடுக்குற ஊரு, கடன் வாங்கிக் கழிக்க மட்டும் நாலாவது வரைக்கும் காத்திருக்கச் சொல்லுது பாருங்க!