உடைச்சு ஒட்டுற வித்தை

ஏம் புள்ள, நல்லா இருக்கிற டைல்ஸை உடைச்சுப் பெட்டியில போட்டு விக்கிறானாம், நீ அதை மெட்ராஸ்ல காசு குடுத்து வாங்கி மொசைக்னு ஒட்டப் பழகுறியாமே? வகுப்பு வேறயாம். பேஷ்.

உடைச்சு ஒட்டுறதுல நம்ம ஊரை மிஞ்ச முடியுமா? 1995ல திருச்சியிலேர்ந்து நம்மளைப் பேத்துப் பெரம்பலூர் மாவட்டம்னாங்க. 2001ல அதுலேர்ந்து அரியலூரை உடைச்சாங்க. அடுத்த வருசமே திரும்ப ஒட்டுனாங்க. 2007ல மறுபடி உடைச்சாங்க. பசை சரியில்ல போல. போர்டு எழுதுறவன் மட்டும் நாலு காசு பாத்தான்.

அந்தக் காலத்துல வசதியான வீடுன்னா மொசைக் தரை. சலவைக்கல் சில்லு, வெள்ளை சிமெண்ட், கலர் பவுடர் எல்லாம் கலந்து கொட்டி, கட்டம் கட்டமா கண்ணாடிப் பட்டை பதிச்சு, நாள் கணக்கா தண்ணி நிறுத்துவாங்க. அப்புறம் மெஷின். தேய்க்கத் தேய்க்க பால் மாதிரி சகதி வாசல் வரைக்கும் ஓடும். ஒரு தடவை தேய்ச்சதும் கொத்தனார் குந்தி உக்காந்து, ஊசிமுனை ஓட்டை ஒண்ணொண்ணையும் அதே கலர் சாந்தால அடைப்பாரு. காயவிட்டு மறுபடி தேய்ப்பாரு. சில்லு எங்க விழுந்தாலும் அழகுதான். ஓட்டையை அடைக்கிற கையிலதான் வேலையே இருக்கு. அந்தத் தரையைப் பேத்துட்டு இப்ப வழுக்குற டைல்ஸ் போட்டு இடுப்பை ஒடிச்சுக்கிறாங்க.

அதனால துண்டைப் பாத்து மயங்காத, நடுவுல இருக்கிற இடுக்கைப் பாரு. சாந்து பூசுன கையோட ஈரத்துணியால துடைச்சீன்னா உள்ள இருக்கறதும் சேந்து வந்துடும். கொஞ்சம் இறுகட்டும். ப்ளைவுட்ல ஒட்டுனதை மழையில வெக்காத, பலகை உப்பும், துண்டு தெறிக்கும். உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்க. செல்ஃபிக்குப் போடுற கருப்புக் கண்ணாடியைச் சொல்லல.

பார்சிலோனாப் பூங்காவுல கௌடியும் அவரு கூட்டாளி ஜுஜோலும் நீளமா வளைஞ்ச பெஞ்சு முழுக்க உடைஞ்ச ஓடும் பீங்கானும் பதிச்சாங்க. சண்டிகர்ல நேக் சந்த்னு ஒரு ரோடு இன்ஸ்பெக்டர், உடைஞ்ச வளையலும் பீங்கானும் பொறுக்கி யாருக்கும் தெரியாம ஒரு தோட்டமே கட்டுனாரு. 1976ல அதை ஊருக்கே தொறந்து விட்டாங்க. இவங்க யாரும் பெட்டி வாங்கல புள்ள.

இன்னொண்ணு. காரை கிராமத்துப் பக்கம் ஓடையில நத்தை கணக்கா சுருண்ட கல்லு கிடக்கும். அம்மோனைட்டு, இங்க கடல் இருந்த காலத்துச் சீவன். டிசைனா இருக்குன்னு அதை உன் பலகையில ஒட்டிப்புடாத. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாப் போன மரத்தைச் சுத்தி வேலி போட்டிருக்காங்களே, அது மாட்டுக்கு இல்ல, உன்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான். அந்தக் கடலோட சிப்பியும் ஓடும் இறுகுன சுண்ணாம்புக்கல்லைத்தான் அரியலூர்ல வெட்டி சிமெண்டா அரைக்கிறாங்க. ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கு, கடலே உள்ள இருக்கு, தனியாப் பொறுக்குவானேன்?

பொங்கலுக்கு வரப்ப சாக்கு ஒண்ணு எடுத்துட்டு வா. டைல்ஸ் கடைக்குப் பின்னாடி குவிஞ்சு கிடக்கு, அள்ளிட்டுப் போனா கும்புடு போடுவான். மயிலு, தாமரையெல்லாம் பட்டணத்துல செஞ்சுக்க. எனக்கு நம்ம வீட்டு நம்பரை மட்டும் பெருசாப் பதிச்சுக் குடு. நீ அனுப்புற மாத்திரைப் பார்சலைக் கூரியர்காரப் பய எதுத்த வீட்டுலயே குடுத்துட்டுப் போறான்.