கப்பல் வராத துறைமுகமும் கடை திறந்த பேரனும்

இஞ்ச வா பேரா, இந்த வாங்கில இரு. அந்த லப்டொப்பை மூடு, கடற்காத்து உப்புப் பிடிச்சிடும். அதிலயும் இப்ப அலுவல் ஒண்டும் இல்லையெண்டு உன்ர அம்மா சொன்னா.

வெப்சைற் செய்து குடுக்கிற தொழில் தொடங்கி மூண்டு மாசமாம். நல்லது. பேர்ப்பலகை போட்டாச்சு. ஐந்நூறு விசிட்டிங் காட் அடிச்சாச்சு. சுழல்கதிரையும் வாங்கியாச்சு, அதில சுழலுறதுக்கு நீயும் இருக்கிறாய். வாடிக்கையாளர் மட்டுந்தான் குறை. அதுக்குள்ள உன்ர சொந்த வெப்சைற்றின்ர நீலத்தை நாலுதரம் மாத்திப்போட்டாயாம். உட்துறைமுகத்துத் தண்ணிகூட அவ்வளவு மாறாதடா.

நான் நாப்பது வருசம் இந்தத் துறையில வள்ளம் விட்டவன். கொம்பியூட்டர் எனக்குத் தெரியாது. ஆனா வாடிக்கையாளர் வராத கதையெண்டா, அதைப் பாத்துப் பாத்தே கிழடானவன்.

எங்கட திருகோணமலைத் துறைமுகத்தைப் பார். ஆழம் தானா அமைஞ்சது. வெளியில புயலெண்டாலும் உள்ள தண்ணி தூங்கும். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீசுக்காரர் எல்லாரும் இதுக்காக அடிபட்டவை. உலகத்திலயே சிறந்த துறைமுகம் இதுதானெண்டு இங்கிலீசுக் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்னதா ஒரு கதையும் இருக்கு. இதுக்கு மேல என்ன நற்சாட்சிப் பத்திரம் வேணும்? கொழும்பில என்ன கிடந்தது? திறந்த கடல். 1875இல வேல்ஸ் இளவரசர் வந்து அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் வைச்சார். பிறகு கல்லைப் போட்டுப் போட்டுத்தான் அதைத் துறைமுகமாக்கினவை. 1883இல தேயிலை ஏலமும் அங்கயே தொடங்கிச்சுது. கப்பலெல்லாம் எங்க போச்சுது? கொழும்புக்கு. எங்களுக்கு ரயில் வரவே 1927 ஆச்சுது. 1957இல இங்கிலீசுக் கடற்படையும் மூட்டையைக் கட்டிச்சுது.

சரக்குக் கப்பல்காரன் தண்ணியின்ர ஆழத்தை மெச்சிக்கொண்டு வாறவனில்லை பேரா. ஏத்துறதுக்குச் சரக்கு எங்க கிடக்கோ அங்க போவான். நீயும் மூண்டு மாசமா உன்ர துறைமுகத்தை வடிவாக்கிக்கொண்டு இருக்கிறாய். சரக்கு எங்க கிடக்கெண்டு ஒருநாள் பாத்தியோ?

உப்புவெளியால நிலாவெளி மட்டும் ஒருக்காப் போ. அறை வாடகைக்கு விடுறவை, புறாத்தீவுக்கு வள்ளம் விடுறவை, திமிங்கிலம் காட்டக் கூட்டிக்கொண்டு போறவை எண்டு வரிசையா இருக்கினம். அறை விடுறவையில கனபேர் வெளிநாட்டு முன்பதிவுத் தளங்களைத்தான் நம்பியிருக்கினம். அந்தத் தளங்கள் நூற்றுக்குப் பதினைஞ்சு அளவில தரகு எடுக்கும். மீன் ஏலத்தில நூற்றுக்கு அஞ்சு கேட்டாலே எங்கட சம்மாட்டிமார் சண்டைக்கு வருவினம்!

அவையளிட்டப் போய் 'ரெஸ்பொன்சிவ் டிசைன்' எண்டு தொடங்காதை. ஏதோ புது வருத்தமாக்குமெண்டு கொத்தமல்லி அவிச்சுத் தருவினம். கணக்கைச் சொல்லு. 'அண்ணை, அறை ஒரு இரவுக்குப் பத்தாயிரம் ரூபாய். அதில ஆயிரத்தைந்நூறு தரகு. சீசனில நூறு இரவு போனா ஒன்றரை லட்சம்.' அதோட வாயை மூடு. மிச்சத்தை அவர் இராத்திரி நித்திரை வராமல் தானே யோசிப்பார்.

அந்தத் தளத்தை விடச் சொல்லியும் போடாதை. முன்பின் தெரியாத ஆளைக் கொண்டுவந்து இறக்கிறது அதுதான். ஆனா ஒருக்கா வந்து நண்டுக்கறி சாப்பிட்டவன் அடுத்த வருசம் நேர கூப்பிட ஒரு வழி வேணுமே? அந்த வழிதான் நீ விக்கிற சாமான். மற்றதெல்லாம் பெயின்ற்.

போகமுதல் அந்த அறைக்காரற்ற பேரைக் கூகிள் வரைபடத்தில அடிச்சுப் பார். வீட்டில நிக்கவேண்டிய குறி கடலுக்குள்ள நிண்டாலும் நிக்கும். 'உங்கட வரைபடம் பிழை' எண்டு வாயெடுக்காதை. பிழை சொல்லுறவனுக்குத் தேத்தண்ணி கிடைக்காது. 'அண்ணை, இதை நம்பி வாறவனுக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கோணும்' எண்டு சிரி. அவரும் சிரிக்கேக்குள்ள, அவற்ற போனிலயே, அவற்ற கணக்கிலயே திருத்திக் குடு. கூகிள் அதுக்குக் காசு கேக்கிறதில்லை, நீயும் கேளாதை. கோட்டை வாசலில நிக்கிற மான் நீ கூப்பிட்டா வருமோ? கையில வாழைப்பழத்தோலைக் காட்டிப் பார், உன்ர சட்டைப்பையையும் மோந்து பாக்கும்.

காலமும் பாக்கோணும். மே தொடக்கம் செப்டம்பர் மட்டும் அவையளிட்டக் காசு இருக்கும், உனக்குக் காது குடுக்க நேரம் இருக்காது. மாரி இறங்கினா நேரம் இருக்கும், காசு இருக்காது. செப்டம்பர் கடைசியில போறவன்தான் கெட்டிக்காரன். விருந்தாளி போயிருப்பான், காசு இன்னும் போயிராது. அரைவாசி முற்பணம் வாங்கு. மாரி முழுக்க இருந்து செய். சித்திரை வருசத்துக்கு முன்னம் குடுத்து முடி.

இது மூண்டு பாசை புழங்கிற ஊர். கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் வாற சனம் சிங்களத்திலயும் தேடும், தமிழிலயும் தேடும், இங்கிலீசிலயும் தேடும். நீ மூண்டையும் எழுதிக் குடுத்தா, கொழும்பில இருந்து ஒரு பாசையில விக்கிறவன் உனக்குப் பின்னாலதான். 2010இல '.இலங்கை' எண்டு தமிழிலயே வெப்சைற் முகவரி வந்திட்டுது. கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் பாடசாலைப் பழைய மாணவருக்கும் அதை ஒருக்காக் காட்டு. தங்கட பேர் தமிழில நிண்டா அவையளின்ர நெஞ்சு ரெண்டு அங்குலம் நிமிரும்.

எந்த முகவரி எடுத்தாலும் உரிமையாளரின்ர பேரிலதான் பதியோணும், உன்ர பேரிலயில்லை. பிறகு ஒருநாள் பிணக்குப்பட்டு முகவரியைப் பிடிச்சுவைச்சியெண்டா, அந்தக் கதை நிலாவெளி பஸ்ஸுக்கு முன்னம் ஊருக்குப் போய்ச் சேரும். பேர் கெட்டவனுக்கு இந்த ஊரில தண்ணியும் கடனுக்குக் கிடையாது.

சொந்தக்காரருக்குச் சும்மா செய்து குடுக்காதை. மாமாவின்ர கடைக்குச் சும்மா செய்தியெண்டா, விடிஞ்சா ஊர் முழுக்க உனக்கு மாமாதான். காசு குறைச்சு வாங்கு, ஆனா வாங்கு. சும்மா கிடைச்ச வெப்சைற்றை ஒருத்தனும் திறந்து பாக்கான்.

என்ன முழிக்கிறாய்? இப்ப செப்டம்பர் கடைசி. எழும்பு, நிலாவெளி பஸ்ஸைப் பிடி. நீலத்தை வந்து மாத்தலாம். அந்த விசிட்டிங் காட்டில பத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியோட இஞ்ச வைச்சிட்டுப் போ. இந்த வாங்கின்ர கால் ஒண்டு கட்டையாக் கிடக்கு, கீழ குடுக்கக் கன நாளா ஒரு சாமான் தேடிக்கொண்டிருக்கிறன்.