கல்யாணக் கோட்டு

ஆபரேஷனுக்கு முந்தைய மாதம் சர்ஜன் கேட்டார். “எத்தனை கிலோவுக்கு வரணும்னு மனசுல வெச்சிருக்கீங்க?”

“62” என்றேன். யோசிக்கவே இல்லை. பிறந்த தேதியைக் கேட்டால்கூட எனக்கு அத்தனை வேகமாக வராது.

“அது என்ன 62?”

“கல்யாணத்தப்ப 62 சார். ரிசப்ஷனுக்குப் போட்ட கோட்டு இன்னும் பீரோவுல தொங்குது.”

அன்றைக்கு என் எடை 128. உயரம் 170 சென்டிமீட்டர். மதுரை டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் இடம் இருக்கிறது என்று இதுவரை யாரும் ஏமாந்ததில்லை. குனிந்து செருப்பு வாரை மாட்டினால், நிமிர்ந்த பிறகு இரண்டு நிமிடம் பேச்சு வராது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு மெஷின் கொடுத்திருந்தார்கள். அதன் குழாயைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பொடியன் ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிள்ளையார் என்றே நினைத்துவிட்டான் போல.

சர்ஜன் மருந்துச் சீட்டைத் திருப்பி ஒரு கோடு போட்டார். பூங்காவில் இருக்கும் சறுக்குமரம் மாதிரி மேலிருந்து சரசரவென்று இறங்கியது. தரையைத் தொடும் என்று பார்த்தால், அதற்கு வெகு முன்னாலேயே படுத்துக்கொண்டது. அதோடு விட்டாரா, நுனியைக் கொஞ்சம் மேலே தூக்கியும் விட்டார்.

“இப்ப இருக்கிற எடையில கால்வாசியிலேருந்து முப்பது சதவீதம் வரைக்கும் குறையும். 32 கிலோ, நல்லா ஒத்துழைச்சா 38. ஒன்றரை வருஷத்துல 90லேருந்து 96க்குள்ள வந்து நிப்பீங்க. அது நல்ல ரிசல்ட்.”

நல்ல ரிசல்ட்டா? லட்சக்கணக்கில் காசைக் கட்டி, வயிற்றில் ஐந்து ஓட்டை போட்டு, இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டிக் கொடுத்துவிட்டு, தொண்ணூற்றுச் சொச்சத்தில் வந்து நிற்பேனாம். அவர் இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். பி.எம்.ஐ. 25 என்று வைத்தால் என் உயரத்துக்கு 72 கிலோ. அதற்கு மேலே உள்ள 56 கிலோதான் ‘கூடுதல் எடை’. அதில் அறுபது சதவீதம் போனால் வெற்றி. இந்த பி.எம்.ஐ. கணக்குக்கு 1832-லேயே அஸ்திவாரம் போட்ட கெட்லே என்ற பெல்ஜியக்காரர் வானியல்காரராம். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் யாரும் நம்மைச் சும்மா விடுவதில்லை. 62 கேட்டவனுக்கு 94-ஐ நீட்டுகிறாரே என்று வருத்தமாக இருந்தது. ஆனால் பேரம் பேசவில்லை. கத்தி அவர் கையில் அல்லவா இருக்கிறது.

எனக்குச் செய்தது ஸ்லீவ். பை மாதிரி இருக்கும் இரைப்பையை நெடுக வெட்டி, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைத்து ஸ்டேப்லர் அடித்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு காபி டம்ளர் கொள்ளளவு. பசியைக் கிளப்பிவிடும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் இடம் வெட்டிய துண்டோடு போய்விடுவதால், முதல் சில மாதம் பசி வெளியூர் போயிருக்கும். கொழுப்பை யாரும் தொடுவதே இல்லை. இதை என் சொந்தபந்தங்களுக்குப் புரியவைத்ததற்கே எனக்கு இரண்டு கிலோ இறங்கியிருக்கும்.

பெரியம்மா ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்து, “எத்தனை கிலோப்பா எடுத்தாக?” என்று கேட்டார். கறிக்கடையில் கேட்கிற அதே குரல். வெளியே எடுத்த துண்டு கால் கிலோ தேறினால் அதிகம் என்றேன். “கால் கிலோவுக்கா இம்புட்டு ரூவா?” என்று அந்த ஆப்பிளில் ஒன்றை அவரே நறுக்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அதைவிட அநியாயம் மறுநாள் நடந்தது. ஈரல் சுருங்க வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் வெறும் நீராகாரத்தில் வைத்து என்னை 123-க்கு இறக்கியிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் தராசில் ஏற்றினால் 125. டிரிப்ஸில் ஏற்றிய தண்ணீர்தான், இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும் என்று நர்ஸம்மா சமாதானம் சொன்னார். உலகத்திலேயே எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு எடை கூடியவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கட்டில்காரருக்கும் அப்படித்தானாம். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் பத்து நாளில் ஏழு கிலோ போனது. உடனே காலண்டரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாளுக்கு எழுநூறு கிராம் என்றால் மூன்று மாதத்துக்குள் 62. கோட்டைப் பீரோவிலிருந்து எடுத்து வெயிலில் போட்டேன். அந்துருண்டை வாசம் போக வேண்டுமல்லவா.

மூன்றாவது வாரம் தராசு நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டி கஞ்சி குடிக்கிற மனுஷனுக்கு எப்படி எடை இறங்காமல் இருக்கும்? பேட்டரி மாற்றினேன். கல் தரையில் வைத்தேன், மொசைக்கில் வைத்தேன், ஒற்றைக் காலில்கூட நின்று பார்த்தேன். பன்னிரண்டு நாள் அதே 116. டயட்டீஷியனுக்கு போன் போட்டேன்.

“எல்லாருக்கும் மூணாவது வாரம் இந்த போன் வரும் சார்” என்றார் அந்தப் பெண். உடம்பு முதலில் கைவைப்பது ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜனில். ஒரு கிராம் கிளைக்கோஜன் கூடவே மூன்று கிராம் தண்ணீரையும் கட்டிப்போட்டு வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும், தராசு ஓடும். பிறகு உடம்பு கொஞ்சம் நின்று நிதானித்துக்கொண்டுதான் மறுபடி இறங்கும். “தராசைத் தூக்கிப் பரண்ல போடுங்க. வாரம் ஒரு தடவை இறக்கிப் பாருங்க போதும்.” பரணில் ஏறி இறங்குவதும் ஒரு உடற்பயிற்சிதானே என்றேன். சிரிக்கவில்லை. மூன்றாவது வார போன்களில் இந்த நகைச்சுவையையும் அவர் கேட்டிருப்பார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரை இட்லிக்கு இருபத்தைந்து நிமிடம். ஒவ்வொரு விள்ளலையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி கழித்துத்தான். கல்யாணப் பந்தியில் இது படுத்தும் பாடு இருக்கிறதே! நான் கூட்டில் கால்வாசி முடிப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் பாயசம், மோர் எல்லாம் கண்டு எழுந்துவிடுவார். பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் நிற்பார். என் இலையில் சாதம் மலைபோல இருப்பதைப் பார்த்து, இப்போதுதான் உட்கார்ந்தேன் என்று நினைத்து இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றுவான் பரிமாறுகிற பையன்.

ஆனால் புது இரைப்பைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கோழித் துண்டு, முட்டை, சுண்டல் எல்லாம் வந்தால் வாசலிலேயே நிறுத்தி ஆதார் கார்டு கேட்கும். ஜிகர்தண்டா வந்தால் சல்யூட் அடித்து உள்ளே விட்டுவிடும். பால், ஐஸ்கிரீம், வாயில் கரையும் மிக்சர் இவற்றுக்கெல்லாம் அந்தக் குழாயில் தடையே இல்லை. ஏழாவது மாதம் விளக்குத்தூண் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், இதைச் சொந்தச் செலவில் ஆராய்ந்து உறுதி செய்தேன். தொடர்ந்து நான்கு சனிக்கிழமை ஆராய்ந்தேன். சர்ஜன் போட்ட கோடு நுனியில் ஏன் தலையைத் தூக்கியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தக் கோட்டை அவர் சும்மா போடவில்லை. ஸ்வீடனில் 1987-இல் ஆரம்பித்து வருடக்கணக்கில் ஆட்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்களுக்கே, முதல் இரண்டு வருடத்துக்குள் அதிகபட்சமாகச் சராசரி 32 சதவீதம் குறைந்து, பத்தாவது வருடம் 25 சதவீதத்தில் நின்றிருக்கிறது. இன்னொன்றும் படித்தேன். 1997-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், ஆபரேஷன் இல்லாமல் எடை குறைக்க வந்த 60 பெண்களிடம் எவ்வளவு குறைந்தால் திருப்தி என்று கேட்டிருக்கிறார்கள். 25 கிலோ போனால் பரவாயில்லை, 17 கிலோதான் போனது என்றால் ஏமாற்றம் என்று சொன்னார்களாம். 48 வாரம் பாடுபட்ட பிறகு சராசரியாகக் குறைந்தது 16 கிலோ. வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸே 14.2 கிலோதான். அதைவிட அதிகமாக உடம்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, ஏமாற்றத்துக்கும் கீழே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். படித்ததும் அந்தப் பெண்களை எல்லாம் அக்கா என்று கூப்பிட வேண்டும் போல இருந்தது.

என் வீட்டு நிலவரம் வேறு மாதிரி. 110-இல் இருந்தபோது அம்மா ஊரிலிருந்து வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, “என்னடா இது, எலும்பும் தோலுமா நிக்கிற” என்று அழுதார். 110 கிலோ எலும்பும் தோலும்! மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவளுக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கும். நான்காவது மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஆறேழு மாதத்தில் தானாக நின்றுவிடும், புரதத்தை மட்டும் விட்டுவிடாதே என்று சொல்லியிருந்தார்கள். அம்மா கேட்கவில்லை. தினமும் அறுபது கிராம் புரதத்தை எண்ணி எண்ணி விழுங்குகிறவனுக்கு, கறிவேப்பிலைத் துவையலில் நம்பிக்கை வை என்றார்.

94-க்கு வந்தபோது மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். மேலும் கீழும் பார்த்தார். “ஆபரேஷன் பண்ணியுமா மாப்ள இவ்வளவு?” என்றார். பழைய உடம்பை இப்போதைய உடம்போடு அவர் ஒப்பிடவில்லை. விளம்பரத்தில் பேன்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அவனோடு ஒப்பிட்டார். பாவம், நானும் ஒன்றரை வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

34 கிலோ போயிருந்தது. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று, அதன் மேல் இன்னும் ஒன்பது கிலோ. மூக்கு மெஷின் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. நாலாக இருந்த சர்க்கரை மாத்திரை ஒன்றாகிவிட்டது. பத்து வருடத்துக்குப் பிறகு என் கால் நகத்தை நானே வெட்டினேன். ஒவ்வொரு விரலாக வெட்டி முடித்து, தேவையே இல்லாமல் மறுபடியும் ஒரு சுற்று வந்தேன். டெய்லர் பாய் பழைய பேன்ட்டுகளை மூன்றாவது முறை பிடிக்கும்போது, “அண்ணே, இதுக்கு மேல பிடிச்சா ரெண்டு பின்பாக்கெட்டும் ஒண்ணாயிரும்” என்றார். வயிற்றுத் தோல் மட்டும் காற்றுப் போன பலூன் மாதிரி தொங்குகிறது. அதற்கு வேறு ஆபரேஷனாம். போதும் சாமி, கும்பிடு.

இத்தனைக்குப் பிறகும் பீரோவைத் திறந்தால் அந்தக் கோட்டு என்னைப் பார்த்து இளிக்கும். சென்ற மாதம் எங்களுடைய கல்யாண நாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கை நுழைந்தது. தோள் நுழைந்தது. முன்பக்கம் இரண்டும் சேர இன்னும் ஒரு சாண் இருந்தது.

மனைவி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். “என்ன பண்ணுறீங்க?”

“62-ல எவ்வளவு கச்சிதமா இருந்துச்சு தெரியுமா இது!”

அவள் பதில் சொல்லாமல் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஆல்பத்தை எடுத்துப் பிரித்தாள். 1999. ரிசப்ஷன் போட்டோ. நான் மாலையும் கோட்டுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாவற்றிலும் கோட்டு திறந்தே இருக்கிறது.

“அது உங்க அத்தானோட கோட்டு. இரவல் வாங்குனதைத் திருப்பித் தரவே இல்ல. அன்னைக்கே பட்டன் போட முடியல. மாலை போட்டா தெரியாதுன்னு உங்க சித்தப்பாதான் சொன்னாரு.”

“அப்ப 62?”

ஆல்பத்தின் கடைசி உறையிலிருந்து பழுப்பேறிய சின்ன அட்டை ஒன்றை உருவினாள். ஊட்டிக்குப் போகும் வழியில், கோயம்புத்தூர் ஜங்ஷனில் கலர் விளக்கு சுற்றும் மெஷினில் காசு போட்டு எடுத்தது. பின்பக்கம் அவள் கையெழுத்தில் தேதி. கல்யாணமாகி ஐந்தாம் நாள். முன்பக்கம் எடை: 74.

62 காலேஜ் முதல் வருடமாக இருக்கலாம். எந்த வருடமோ, யார் கண்டது. அட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்து இரண்டு தடவை படித்தேன். 74-தான். அப்படியானால் கல்யாண எடைக்கு வர எனக்கு இன்னும் 32 கிலோ பாக்கி இல்லை, இருபதுதான்.

நின்ற இடத்தில், மயக்க மருந்துகூட இல்லாமல், ஒரே நிமிடத்தில் பன்னிரண்டு கிலோ!

“அத்தானுக்கு போன் போடு” என்றேன். “கோட்டைத் திருப்பிக் கொடுத்திருவோம்.”