பானெட்டைத் தூக்கினால் ஊர் கூடும்

வீட்டு வாசலில் வைத்து டீசல் காருக்கு ஆயில் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டிரெய்ன் போல்ட்டுக்கு ஒரு ஸ்பேனர், ஃபில்டரைத் திருக ஒரு ரிஞ்ச், பழைய ஆயிலைப் பிடிக்க வாயகன்ற ஒரு சட்டி. வித்தை எல்லாம் பானெட்டைத் தூக்கிய பிறகு சேருகிற கூட்டத்தைச் சமாளிப்பதில்தான் இருக்கிறது. எங்கள் ஊர் மேலப்பாளையத்தில் கல்யாணத்துக்கு ஒரு தடவை சொன்னால் போதாது என்று முறைத்துக்கொள்கிறவர்கள்கூட, திறந்த பானெட்டுக்கு அழைப்பு எதிர்பார்ப்பதில்லை.

என் வண்டி பழைய இண்டிகா. 1998 டிசம்பரில் டாடா வெளியிட்டு, 2018-ல் தயாரிப்பை நிறுத்திய வண்டி. 1405 சிசி டீசல் எஞ்சின். அதைச் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனால், மூச்சு இழுக்கிற கிழவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மாதிரி என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசுவார்கள். பில்லில் 'இதரப் பொருட்கள்' என்று ஒரு வரி. என்ன அது என்று கேட்டேன். "துடைக்கிற துணி, அது இதுன்னு இருக்கும்லா சார்" என்றார் அங்கிருந்த பையன். தெருவுக்குத் தெரு தறி ஓடிய ஊர்க்காரனிடம் துணிக்குக் காசு! இனிமேல் வீட்டு வாசல்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

துணி அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். "அது உங்க வாப்பா பெருநாளைக்கு எடுத்த கைலி. அதத் தொடாத." "சரி, இது?" "அது நீ பிறந்தன்னைக்கு அவங்க உடுத்தியிருந்தது." உம்மாவின் பெட்டியில் வரலாறு இல்லாத கைலியே இல்லை. கடைசியில் ஒரு தலையணை உறையைத் தந்தார்கள், அதுவும் மனசில்லாமல்.

நாள் பார்ப்பதும் முக்கியம். செவ்வாய்க்கிழமை மட்டும் கூடாது. அன்றைக்கு எங்கள் ஊரில் சந்தை. ஆயில் பாதி வடிந்துகொண்டிருக்கும்போது ஆடு ஏற்றிய லோடு ஆட்டோ பின்னால் வந்து நிற்கும். ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். ஆடுகளும் தங்கள் பங்குக்குக் கத்தும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. அதனால் சென்ட்ரிங் வேலை எடுத்துச் செய்கிற பக்கத்து வீட்டு மச்சான் கனத்த பலகைகள் தந்தார். அவற்றை அடுக்கி முன்சக்கரங்களை ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். பலகை சும்மா வரவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதலில் வந்தவர் தம்மாமில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த மாமா. "என்னவே பண்ணுதீரு?"

"ஆயில் மாத்துதேன் மாமா."

"சவுதியில இப்படி ரோட்டுல வச்சு மாத்துனா அபராதம் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு வசதியாகத் திண்ணையில் உட்கார்ந்தார். அடுத்து வந்தவர் பைக் வைத்திருப்பவர். "பிளக்கக் கழத்தித் தொடச்சியளா?" என்றார். டீசலில் பொறி வைக்கிற பிளக் கிடையாது. காற்றை 20 மடங்குக்கு மேல் நெருக்கினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஹீட்டர் பிளக் என்று ஒன்று உண்டு, அது காலையில் எஞ்சினை எழுப்புவதற்கு மட்டும் என்று அடியில் படுத்தபடியே விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எதுக்கும் பிளக்க ஒருக்கப் பாத்துக்கிடுங்க" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இந்த வகை எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்ற தகவலையும் சேர்த்துச் சொன்னேன். கூட்டத்தில் பஜ்ஜிக் கடைக்காரர் இருந்ததைக் கவனிக்கவில்லை. சுட்ட எண்ணெயில் ஓடுமா, லிட்டர் என்ன விலைக்குப் போகும் என்று ஆரம்பித்தார். இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1913-ல் கப்பலில் போகும்போது காணாமல் போனார் என்பார்கள். காரணத்தை இன்றுவரை தேடுகிறார்கள். அவரிடமும் யாராவது இப்படி விலை கேட்டிருக்கலாம்.

பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றிய கையோடு, டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்து, ஃபில்டரையும் மாற்றினேன். மாற்றினால் லைனில் ஏர் ஏறும். கைப்பம்பை அமுக்கி, குமிழ் அடங்கி டீசல் மட்டும் வரும்வரை பொறுமையாக ஏர் எடுக்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு இருந்தது, திண்ணைக்கு இல்லை. "தள்ளுனா ஸ்டார்ட் ஆயிரும்லா" என்று பையன்கள் அதற்குள் டிக்கியில் கை வைத்துவிட்டார்கள். பலகை மேல் நிற்கிற வண்டியை!

எப்படியோ ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன். தம்மாம் மாமா டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். கன்னங்கரேல் என்று இருந்தது. "மாத்தவே இல்லையேவே!" டீசல் எஞ்சினில் உள்ளே ஒட்டியிருக்கும் கரி புது ஆயிலை ஓடிய உடனே கறுப்பாக்கிவிடும், கரியைக் கழுவி எடுப்பதும் ஆயிலின் வேலைதான். காலி கேனைக் காட்டினேன். கேனை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

பிறகு வந்தது பாகப்பிரிவினை. சட்டியில் இருந்த பழைய ஆயில் தனக்கு என்றார் பலகை தந்த மச்சான். சென்ட்ரிங் ஷீட்டில் தடவினால் காங்கிரீட் ஒட்டாதாம். தன் வீட்டு நிலைக்கதவில் கரையான், அதற்கு அடிக்க வேண்டும் என்றார் மாமா. இரண்டுமே ஊரில் நடக்கிற காரியம்தான். ஆனால் 2016-ம் வருஷத்து விதிகளின்படி பழைய எஞ்சின் ஆயில் அபாயகரமான கழிவு. அனுமதி பெற்றவர்களிடம்தான் போய்ச் சேர வேண்டும். "அப்ப சாக்கடையில ஊத்திரு, சண்டையே இல்ல" என்று சமாதானம் பேச வந்தார் ஒருவர். சாக்கடை பாளையங்கால்வாய்க்குப் போகும். கால்வாய்த் தண்ணீர் வயலுக்குப் போகும். சண்டையே பரவாயில்லை.

கேனில் ஊற்றி, மொத்தமாக ஆயில் சேர்த்துக் கொடுக்கிற ஒரு ஒர்க்ஷாப்பின் பேரலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். மச்சான் அன்று சாயங்காலமே பலகைகளை எண்ணி வாங்கிக்கொண்டார். மாமா இப்போதும் என்னைப் பார்த்தால் சலாம் சொல்லாமல் போவதில்லை. சொல்லிவிட்டு, தன் வீட்டு நிலைக்கதவை விரலால் ஒரு தட்டுத் தட்டி, அந்தப் பொத்தல் சத்தம் எனக்குக் கேட்டதா என்றும் பார்த்துக்கொள்கிறார்.