வீட்டு மசாலா ஐஸ்கிரீமில் மிளகின் இடம்: ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மசாலா ஐஸ்கிரீமை வீட்டில் செய்வோர் மூவகையினர்: ஃபிரிட்ஜ் உடையோர், ஃபிரிட்ஜ் இலார், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தட்டு உடையோர். மூன்றாம் வகையினரைப் பற்றி, தெருவின் நல்லுறவு கருதி, இக்கட்டுரை வாய் திறவாது.

காலம்: பாஸ்டனிலிருந்து ஃபிரெடெரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய ஐஸைச் சேமிக்க, 1842இல் சென்னைக் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆயினும் பாலும் மிளகும் நம்மிடம் அதற்கு வெகுமுன்பே இருந்தன. எனவே ஐஸ் மட்டும் இல்லாத ஐஸ்கிரீம் தமிழரிடம் தொன்றுதொட்டு இருந்தது எனத் துணியலாம். (இதைவிடக் குறைந்த சான்றோடு துணிந்து முனைவர் ஆனோர் உளர்.)

கருவி: கரண்டி.

களம்: இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின, ஓரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. கூடவே வந்தவை ஷிப்ட்டும், ஷிப்ட்டுக்கு ஆள் மாறும் வாடகை அறைகளும். உறையும் பாலை அரை மணிக்கொரு முறை கிளறாவிட்டால் ஐஸ் படிகங்கள் பெரிதாகி நாக்கில் நறநறக்கும். ஆகவே முதல் ஷிப்ட் முடித்தவர் பாலைச் சுண்டக் காய்ச்சுவதும், இரவு ஷிப்ட் முடித்தவர் தூக்கத்தோடு கிளறுவதும் மரபு (கூட்டுரோடு டீக்கடை, வாய்மொழி; எதிர்ப்பெஞ்சு மறுக்கிறது). ஃபிரிட்ஜ் இலார் ஐஸில் கல்லுப்பைக் கலந்து, நடுவில் பால் பாத்திரத்தை வைப்பர். தக்க அளவில் உப்புச் சேர்ந்தால் அக்கலவை −21 டிகிரி வரை இறங்கும்.

இனி, மிளகு.

உடையவர் ராமானுஜர் 1017இல் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் சர்ச்சைக்கு முன்மாதிரி தேடி வெளியே போக வேண்டியதில்லை. குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது குரங்கு நியாயம். தாயே குட்டியைக் கவ்விக்கொள்ளும் என்பது பூனை நியாயம். மிளகே பாலைப் பற்றிக்கொள்ளட்டும் என்போர் கடைசியில் தூவுவர். பாலே மிளகை ஏந்தும் என்போர் முதலிலேயே போட்டுக் கொதிக்கவிடுவர். பின்னவர் கட்சிக்கு வேதியியல் துணை உண்டு: மிளகின் காரமான பைப்பரின் தண்ணீரில் கரைவது அரிது, கொழுப்பில் நன்கு கரையும். தூவுவோர் அசரவில்லை. காரத்தையும் சூட்டையும் நரம்பில் ஒரே ஏற்பி உணர்கிறது என்று காட்டியதும் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் கிடைக்கக் காரணம். ஆகவே குளிர்ந்த வாயில் திடீரென்று சுட வேண்டியது முழு மிளகுத் துணுக்கே என்பது அவர்கள் வாதம் (அதே கடை, அதே பெஞ்சு, மழைக்குப் பின் திருத்திய பதிப்பு, டீ கொட்டியதால் பக்க எண் தெரியவில்லை). காஞ்சிபுரம் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு மூன்றும் மாவிலேயே சேர்வதைக் கொதிக்கவிடுவோர் மேற்கோள் காட்ட, இட்லி உறைவதில்லை என்று தூவுவோர் பதில் எழுதினர். அதற்கு மறுப்பு, மறுப்புக்கு விளக்கம், விளக்கத்துக்குப் பின்னிணைப்பு (மேற்படி பெஞ்சு, இடது ஓரம், கடன் நோட்டின் பின்னட்டை, மூலப்படி கல்லாவில்). இதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது. கருத்தரங்கம் எதிலும் இது குறையாகக் கருதப்படுவதில்லை.

ஏலக்காய்: யாருக்கும் சண்டையில்லை, ஆகவே ஆய்வும் இல்லை.

இரு கட்சியும் இதுவரை சேர்ந்து கையொப்பமிட்ட தீர்மானம் ஒன்றே: பச்சை இஞ்சி போட்டால் பால் திரிந்துவிடும், சுக்குப் போடுங்கள்.