எத்தனை வல்லிபுரம்?

சின்ன வயதில் வடமராட்சியில் எங்கள் ஓடக்கரைப் பக்கம் நின்று "வல்லிபுரம்!" என்று கூப்பிட்டால் நாலு வீட்டுப் படலை திறக்கும். சங்கக்கடை வல்லிபுரம், 750ஆம் இலக்க பஸ்ஸில் ரிக்கெற் கொடுக்கும் கொண்டக்டர் வல்லிபுரம், சுருட்டு வல்லிபுரம், வாத்தியார் வல்லிபுரம். கடைசி ஆள் எங்கள் ஐயா. நாலு பேரும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. மணற்காட்டு நடுவில் இருக்கும் வல்லிபுர ஆழ்வாருக்கு நேர்ந்து பிறந்த பிள்ளைகள். புரட்டாதித் தீர்த்தத்துக்குக் கடற்கரையில் கூடுகிற சனத்தில் இன்னும் பத்துப் பேராவது அந்தப் பெயரில் இருந்திருப்பார்கள்.

அன்றைக்குப் பெயர் ஆளோடு வந்து ஆளோடு போகும். மகனுக்கு ஓர் எழுத்து மிஞ்சும். பேரப்பிள்ளைக்கு அதுவும் இல்லை. நான் 'வ.' ஐயா 'க.' அந்தக் 'க.' கதிர்காமர். அவருக்கு முன்னால் யார் என்று அறிய வேண்டுமானால் பெட்டகத்தைத் திறந்து காணி உறுதியைத்தான் எடுக்க வேண்டும். காணித் தகராறு இல்லாத குடும்பத்துக்குப் பரம்பரையே தெரியாது என்று ஐயா சொல்லுவார்.

பிறகு வெளிநாட்டுப் படிவங்கள் வந்தன. அவற்றில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். வெறுமையாக விட முடியாது. 1974இல் லண்டனுக்குப் படிக்கப் போன பெரியண்ணன் அதில் ஐயாவின் பெயரை எழுதினார். அவர் வல்லிபுரம், மனைவி வல்லிபுரம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வல்லிபுரம். 1984இல் அவசரத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்த சின்னண்ணனுக்குக் கட்டம் மாறிவிட்டது. சிவபாதம் என்ற தன் பெயரே குடும்பப் பெயராகப் பதிவானது. உடன்பிறந்த இருவர் கடதாசியில் அந்நியர். ஆனால் பாருங்கள், பிழையாக நிரப்பியவரின் பிள்ளைகளுக்குத்தான் ஊர் வழக்கப்படி தகப்பன் பெயர் சரியாக வந்து சேர்ந்தது.

அக்காவின் கதை வேறு. ஊரிலென்றால் அவள் திருமதி தர்மலிங்கம். ரொறன்ரோவில் அத்தான் தன் தகப்பன் பெயரான கந்தையாவைக் குடும்பப் பெயராக்கியதால், அக்கா மிஸிஸ் கந்தையா ஆகிவிட்டாள். மாமனாருக்கு முன்னால் கதிரையில் இருக்கவே கூசியவள், அவர் பெயரால் வங்கியில் கையெழுத்து வைக்கிறாள். ஒருநாள் மாமியையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போயிருக்கிறாள். "மிஸிஸ் கந்தையா" என்று கூப்பிட்டதும், அறுபது வருஷமாக அந்தப் பட்டத்துக்கு உரிய மாமிதான் முதலில் எழும்பினாவாம்.

இது எங்கள் காலத்து அதிசயமும் அல்ல. வடமராட்சிக் கெருடாவிலில் இருந்து கொழும்புக்குப் போன குடும்பத்தில் வந்தவர் முதலியார் குமாரசுவாமி. 1835இல் சட்டநிரூபண சபைக்கு நியமனமான முதல் தமிழர். அவருடைய மகன் முத்து குமாரசுவாமி இங்கிலாந்தில் பாரிஸ்டராகி, 'சேர்' பட்டமும் பெற்றார். பேரன் ஆனந்த குமாரசுவாமி 1917இல் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்தபோது, பாட்டனின் சொந்தப் பெயர் அமெரிக்காவில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அதே முதலியாரின் மகள் வயிற்றுப் பேரன்மாரோ பொன்னம்பலத்தின் பிள்ளைகள்: பொ. குமாரசுவாமி, பொ. இராமநாதன், பொ. அருணாசலம். மூவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒற்றைப் 'பொ.' மட்டுமே. அந்த அருணாசலம்தான் 1901இல் இலங்கையின் சனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர். நல்ல வேளை, குடும்பப் பெயர்வாரியாக எண்ணச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தன்னையும் சொந்தச் சகோதரர்களையுமே மூன்று குடும்பமாகப் போட்டிருப்பார்.

இன்றைக்கும் அதே கதைதான். கனடாவில் 2015இல் நாடாளுமன்றம் போய், பின்னர் அமைச்சரான ஹரி ஆனந்தசங்கரியின் குடும்பப் பெயர், இங்கே அரசியல் செய்த அவருடைய தகப்பன் வீ. ஆனந்தசங்கரியின் சொந்தப் பெயர். தகப்பனுக்கு முன்னால் நின்ற வீரசிங்கம் கடல் தாண்டவில்லை. எந்தத் தலைமுறை விமானம் ஏறியதோ, அந்தத் தலைமுறையில் பெயர் உறைந்துவிடுகிறது. ஆகவே எந்த நாட்டில் எத்தனை வல்லிபுரம் என்று யாராவது உலகப் படத்தில் புள்ளி குத்திக் காட்டினால், அதை வம்ச வரலாறு என்று நம்பிவிடாதீர்கள். விசா வரலாறு என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

ஊரில் இப்போது ஒரு வல்லிபுரம் பிறந்து கேள்விப்பட்டதில்லை. எண்சாத்திரம் பார்த்து டினோஜன், கபிஷன் என்று வைக்கிறார்கள். மணற்காட்டு ஆழ்வாரின் பெயரைக் குழந்தைக்குச் சூட்டுவது லண்டன் பிறப்புப் பதிவேடுதான், அதுவும் கடைசிக் கட்டத்தில்.

இன்னொன்றும் உண்டு. முந்தி இங்கே கந்தசாமி என்று வைக்க ஒரு சாதிக்கு உரிமை, கந்தன் என்று வைக்கத்தான் இன்னொன்றுக்கு அனுமதி. பெயரைக் கேட்டால் போதும், ஆளை எங்கே இருத்துவது என்று தீர்மானித்துவிடுவார்கள். படிவத்துக் குடும்பப் பெயர் அந்த வசதியைக் கெடுத்துவிட்டது. அதனால்தான் ரொறன்ரோ ஸ்காபரோவிலும் பாரிஸ் லா சப்பலிலும் கலியாண வீடுகளில் பெயரைக் கேட்டபின் அடுத்த கேள்வி வருகிறது: "தம்பி, ஊரிலை எவடம்?"

வடமராட்சி என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்.