மிச்சம் வைத்த வேலை

கரும்பலகை கறுப்பாக இருந்ததற்கு ஒரு காலத்தில் பிள்ளைகள்தான் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலையானால் வேலியோரத்துக் கோவைக்கொடியில் இலை பறித்துவர ஒரு கூட்டம், வீட்டு அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்துவர இன்னொரு கூட்டம், இரண்டையும் கல்லில் வைத்து அரைத்து, அந்தப் பச்சையும் கறுப்புமான சாந்தைப் பழந்துணியில் தோய்த்துப் பலகை முழுக்கப் பூச உயரமான பையன்கள் இருவர் என்று, தஞ்சாவூர்ப் பக்கத்து எங்கள் கிராமப் பள்ளிக்கூடத்தில் எழுபதுகளில் வேலை பங்கிடப்பட்டிருந்தது. உங்கள் ஊரில் கோவைக்குப் பதில் ஊமத்தை இலையாக இருந்திருக்கலாம். கை கறுத்தது எல்லா ஊரிலும் ஒன்றுதான். திங்கட்கிழமை காலை அந்தப் பலகையில் வாத்தியார் எழுதும் முதல் எழுத்து, பூசியவன் கண்ணுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும்.

இன்று அதே பள்ளிக்கூடத்தில் தொட்டால் விழித்துக்கொள்ளும் திரை ஒன்று சுவரில் இருக்கிறது. இதயம் துடிப்பதை அதில் காட்டலாம், எரிமலை வெடிப்பதைக் காட்டலாம். ஒற்றைச் சாக்கட்டியை வைத்துக்கொண்டு இதயத்தின் நான்கு அறைகளை வரைந்து வரைந்து அழித்த எனக்கு, அந்தத் திரையைப் பார்க்கும்போது மனம் நிறைந்துதான் போகிறது. ஆனால் அதன் முன்னால் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது ஏதோ குறைகிறது. எங்கள் காலத்துக் கருவிகள் ஏழைக் கருவிகள். ஆனாலும் அவை ஒவ்வொன்றும் பிள்ளையின் கைக்குக் கொஞ்சம் வேலையை மிச்சம் வைத்திருந்தன. இந்தியப் படம் வேண்டுமென்றால் தாளில் தேங்காயெண்ணெய் தடவி, காயவைத்து, அட்லஸ்மேல் விரித்து, குஜராத்தின் வளைவில் பென்சில் வழுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைய வேண்டும். கோதாவரி எங்கே கடலில் சேர்கிறது என்பது இன்னும் என் விரலுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தது சினிமா. பியூஸ் போன குண்டு பல்பின் அடியிலுள்ள கறுப்பு அரக்கைக் காம்பஸ் முனையால் நெம்பி, உள்ளே இருக்கும் கண்ணாடித் தண்டையும் இழையையும் கை கிழியாமல் எடுத்துவிட்டு, தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். கொட்டகை ஆபரேட்டர் அறுந்த படத்தை ஒட்டும்போது வெட்டிப் போட்ட பிலிம் துண்டுகள் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வீட்டுக் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, அட்டையில் பிலிம் அளவுக்கு ஓட்டை போட்டு, வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியோடு ஒருவன் நின்று வெயிலை அந்த ஓட்டைக்குள் திருப்பினால், கயிற்றில் கட்டிய அப்பாவின் வேட்டியில் எம்.ஜி.ஆர். வந்து நிற்பார். முதலில் தலைகீழாகத்தான் நின்றார். பிலிமைத் தலைகீழாகச் செருகினால் நிமிர்வார் என்று கண்டுபிடித்தோம். எழுத்துப் போடும் துண்டில் பெயர்கள் இடவலம் மாறி விழுந்தபோது, பிலிமைப் புரட்டிப் போட்டால் சரியாகும் என்று அதையும் கண்டுபிடித்தோம். இடம் போதாமல் வேட்டிக்குப் பின்னால் உட்கார்ந்த பையன்களுக்கு அப்புறம் எழுத்து மாறித் தெரிந்தது, அது வேறு சண்டை. பல்புக்கும் பிலிமுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் படம் கலங்கிவிடும். குவியத் தூரம் என்ற சொல்லைப் பின்னாளில் பாடப் புத்தகத்தில் படித்தபோது அது எனக்கு ஏற்கெனவே பழக்கமான இரண்டு விரலாகத்தான் இருந்தது.

வெளியே கண்ணாடி பிடித்து நிற்பவனுக்குப் படம் தெரியாது. கண்ணாடியை அசைக்காமல் பிடித்திருந்தாலும் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஓட்டையை விட்டு நகர்ந்துவிடும். உள்ளேயிருந்து எல்லாரும் கத்துவார்கள். அவன் மறுபடி திருப்புவான். பூமி சுற்றுகிறது என்பதை அவனைப்போல யாரும் கற்றிருக்க முடியாது. அந்த வேலைக்கு முறை வைத்துக்கொண்டோம்.

2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போனதே, அன்று காலை எந்தக் கருவியும் இல்லாமல் வேப்பமரத்தடியில் குனிந்து பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். இலை இடுக்கில் விழுந்த ஒளிப்பொட்டுகள் அத்தனையும் வளையங்கள். ஓட்டையுள்ள இட்லித் தட்டை வெயிலில் பிடித்தால் தரையெல்லாம் மோதிரம். ஊசித்துளைக் கேமராவைப் பற்றி அதைவிட நல்ல பாடத்தை எந்தப் படப்பிடிப்பு நிலையத்திலும் எடுக்க முடியாது.

நான் வாத்தியாரான புதிதில், 1987-இல் வந்த கரும்பலகைத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு உலக உருண்டையும் அறிவியல் பெட்டியும் வந்தன. எத்தனையோ பள்ளிகளில் அந்தப் பெட்டி பீரோவை விட்டு வெளியே வரவேயில்லை. ஒரு சோதனைக்குழாய் உடைந்தாலும் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். பிள்ளை தொட்டால் உடையும் என்று பூட்டிய பொருள் கற்பித்தல் கருவியே ஆகாது என்பது அன்றிலிருந்து என் பிடிவாதம்.

அதனால்தான் செயல்வழிக் கற்றல் வந்தபோது அத்தனை சந்தோஷப்பட்டேன். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையிலிருந்து முளைத்து, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது. படம் போட்ட அட்டைகள், கற்றல் ஏணிப்படி, தன் வருகையைத் தானே பதியும் குழந்தை, தலைக்கு மேல் பிள்ளைகளின் ஓவியங்களைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல். பாடப் புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வராது என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொண்டார்கள். இரண்டும் நியாயமான குறைகள். ஆனால் அந்த வகுப்பறைச் சுவரின் அடியில், குழந்தை சப்பணமிட்டு உட்கார்ந்தால் எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கட்டம் பிரித்து ஓடிய கீழ்மட்டக் கரும்பலகை இருக்கிறதே, நம் வகுப்பறைகளில் நான் பார்த்த மிக அழகான வடிவமைப்பு அதுதான். மின்சாரம் வேண்டாம், பெரிய செலவு இல்லை. பலகையை மூன்றடி கீழே இறக்கியதும் அது வாத்தியார் கையிலிருந்து பிள்ளை கைக்குப் போய்விட்டது.

பிறகு வேகம் பிடித்துவிட்டது. 2011-இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி, 2018-இல் பாடப் புத்தகத்திலேயே கியூஆர் குறி, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி. கொரோனாவில் பள்ளி பூட்டிய மாதங்களில் அந்தத் தொலைக்காட்சி இல்லையென்றால் எத்தனை வீடுகளில் பாடமே நின்றிருக்கும். அதை மறக்கக் கூடாது. ஆனால் கியூஆர் குறிக்குப் போன் வேண்டும், போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அவர் ராத்திரி திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கி, தெருவிலுள்ள அக்காமார் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டி, காகிதம் மடித்துப் பாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுத்தபோதுதான் அந்தக் கைகள் மறுபடி அசைந்தன.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போது இருக்கும் இளம் டீச்சர் போன மாதம் கேட்டார்: "சார், பல்புல தண்ணி ஊத்திப் படம் காட்டினோம்னு சொன்னீங்களே, இப்ப எல்லாம் எல்இடி பல்பா இருக்கே, எதுல ஊத்துறது?" நான் யோசிப்பதற்குள் அவரே வழி கண்டுவிட்டார். செருப்பு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பூதக்கண்ணாடியை ஒட்டி, உள்ளே போனை நிறுத்தி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். படம் தலைகீழாக விழுந்திருக்கிறது. போனைத் தலைகீழாக வைத்தால் படமும் தானே திரும்பிக்கொள்கிறது! அந்தத் தானியங்கிச் சுழற்சியை நிறுத்தும் பொத்தானை ஒரு பெண் தேடிக் கண்டுபிடித்த பிறகு படம் நிமிர்ந்தது, எழுத்து மட்டும் இடவலம் மாறியே இருக்கிறது. பிலிமைப் புரட்டிப் போடலாம், போனைப் புரட்டினால் முதுகுதானே தெரியும்.

"நீ என்னம்மா சொன்னே?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை சார். அவங்களே ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிறாங்க. கண்ணாடி வச்சுப் பாக்கலாமான்னு ஒரு குரூப், போன்லயே எழுத்தை மாத்தி எழுதலாம்னு ஒரு குரூப். வேற வழி இருக்கா சார்?"

சுவருக்குப் பதில் ஒரு வேட்டியைக் கட்டிவிட்டு அதன் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தால் போதும். பிள்ளைகள் அடுத்த அறையில்தான் இருந்தார்கள், காதில் விழுந்துவிடும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.